சாரல் ஊரிலிருந்து வீட்டு அடுப்பிற்கு

ஆனி பிறந்து, மேற்கே மலைமுகட்டில் மேகம் இறங்கிவிட்டது என்ற செய்தி எட்டியதும் நம் பங்கு மக்களிடையே ஒரு சுறுசுறுப்பு தோன்றிவிடும். ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போதே, "சாமி, ரெண்டு நாள் குற்றாலம் போயிட்டு வாறோம்" என்று சொல்லிக்கொள்வோர் ஐந்தாறு குடும்பத்தாரேனும் இருப்பர். திரும்பி வருகையில் அவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. நேந்திரங்காய் வற்றல், கிழங்கு வற்றல், அல்வாப் பொட்டலம், மங்குஸ்தான் பழம் நாலைந்து என்று நமக்கும் ஒரு பங்கு வந்து சேரும். அன்புடன் பெற்றுக்கொள்கிறோம். ஒரு வாரத்தில் வற்றல் நமத்துவிடும், அல்வா தீர்ந்துவிடும், பழத்தோல் குப்பைக்குப் போய்விடும்.

நமத்தும் போகாமல் தீர்ந்தும் போகாமல் அந்த ஊரிலிருந்து வீட்டிற்குக் கொண்டுவரத்தக்கவை சில உண்டு. அவை கடையில் கிடைப்பவை அல்ல. அடுப்படியில் நின்று கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியவை. தென்காசி, குற்றாலப் பக்கத்துச் சமையலில் நமக்கு வாய்த்த அத்தகைய நாலைந்து பண்டங்களைப் பற்றி நம் குடும்பத் தாய்மார்களுக்கும், அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்கும் வழக்கமுள்ள தந்தையருக்கும் எழுதலாம் என்று எண்ணினோம். குருவானவருக்குச் சமையலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்களாயின், உண்ணத் தெரிந்தவனுக்கு ஓரளவு கேட்கவும் தெரியும் என்பதே நம் விடை.

முதலில் ஊரைச் சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை குமரி வரைக்கும் சுவர் போல நீண்டு கிடப்பினும், செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் சற்றே தாழ்ந்து வழி விடுகிறது. மலைக்கு அப்பால் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் நாட்களில், அந்த வழியாகக் குளிர்ந்த காற்றும் மெல்லிய தூறலும் இப்புறம் வந்துவிடுகின்றன. வெயில் அடிக்கும்போதே பூந்துவலை போல் விழும் அந்தத் தூறலைத்தான் சாரல் என்கிறார்கள். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாயிலில் நின்றால், ஆளைத் தள்ளும் வேகத்தில் காற்று வீசுவதை யாரும் உணரலாம். அது கணவாய் அனுப்பும் காற்று. 2019ஆம் ஆண்டு நவம்பரில் தென்காசி தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று, ஊர் பெருகிற்று, காற்று மட்டும் பழைய காற்றே.

குற்றாலத்தில் பேரருவி, ஐந்தருவி, சிற்றருவி, புலியருவி, பழைய குற்றால அருவி என அருவிகள் பல. மலைமேல் செண்பகாதேவி அருவியும் தேனருவியும் உள்ளன. இவற்றின் அழகை எழுதப் புகுந்தால் இந்த இதழ் போதாது. நாம் சொல்ல வந்தது அருவியின் மற்றொரு குணத்தை. அருவியில் அரை மணி நேரம் நின்று வெளியே வந்தவனுக்கு உண்டாகும் பசி வேறு எங்கும் உண்டாவதில்லை. குளத்தில் குளித்தால் இல்லை. கடலில் குளித்தாலும் இல்லை. மேலே இருந்து விழும் நீர் தலையிலும் தோளிலும் அடித்து, உடம்பு முழுவதையும் பிசைந்துவிடுகிறது. கை கால் நடுங்க, உதடு நீலம் பூக்க, வயிறு 'எங்கே?' என்று கேட்கும். அந்தப் பக்கத்துச் சமையல் முழுவதையும் இந்தப் பசிக்கும் இந்தக் குளிருக்கும் ஏற்றபடி அமைந்ததாகவே நாம் கருதுகிறோம்.

முன்னாட்களில் உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்பார்கள். இப்போது எண்ணெய், சோப்பு, சீயக்காய் எதற்கும் அருவியில் அனுமதி இல்லை. நீரின் நலனை நினைத்தால் அது நல்ல ஏற்பாடே. குளித்து வந்தவுடன் கையில் தரப்பட்டது சுக்குக் காபி. பெயர்தான் காபி; அதில் காபிக்கொட்டை ஒன்றும் இல்லை. அருவிக்கரைக் கோயிலில் சுக்கு முதலியன சேர்ந்த கஷாயத்தையே படைக்கும் வழக்கம் உண்டு என்பர். எப்போதும் சாரலில் இருப்பவருக்குச் சளி பிடிக்கக் கூடாதல்லவா என்று அவ்வூர் மக்கள் அன்போடு சொல்வதைக் கேட்டிருக்கிறோம்.

வீட்டில் செய்வதாயின், விரலளவு சுக்கு ஒன்றை நன்றாகத் தட்டிக்கொள்ளுங்கள். இரண்டு மேசைக்கரண்டி கொத்தமல்லி விதையை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, பத்து மிளகுடன் ஒன்றிரண்டாகப் பொடியுங்கள். நான்கு தம்ளர் நீரில் இவற்றைப் போட்டு, நீர் மூன்று தம்ளராகச் சுண்டியபின் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கரைத்து வடிகட்டுங்கள். கருப்பட்டியில் மணல் இருக்கும். வடிகட்டாமல் குடித்துவிட்டு நம்மைக் குறை கூற வேண்டாம். பால் சேர்ப்பதில்லை.

நம் சொந்த ஊர் சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கரிசல் காட்டில் இருக்கிறது. வானம் பார்த்த பூமி. ஆனியில் அங்கே மரத்தடியிலும் அனல் வீசும். நம் அன்னையின் மூத்த சகோதரி, அதாவது நம் பெரியம்மை, வாழ்க்கைப்பட்டதோ இலஞ்சியில். குற்றாலத்திற்கும் தென்காசிக்கும் பக்கத்தில், வாய்க்காலும் வயலும் சூழ்ந்த ஊர். ஆண்டுதோறும் சாரல் காலத்தில் நம் அன்னை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தமக்கை வீட்டிற்குச் செல்வது வழக்கம். அந்நாளில் அது மீட்டர் பாதை. கடையநல்லூர் நெருங்குகையில் வண்டியின் வலப்புறச் சன்னல்களில் மலை எழுந்து நிற்கும். அனைவரும் அந்தப் பக்கமே நெருக்கியடித்து உட்காருவோம். சன்னலோரம் யாருக்கு என்பதில் நடந்த போர்களை இங்கே விரிக்கப் போவதில்லை.

வண்டியில் உண்ணுவதற்குக் கட்டுச்சோறு. வேறு ஊர்களில் புளியோதரை என்பர். முந்தின இரவே நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, நிலக்கடலை, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை தாளித்து, கெட்டியாகக் கரைத்த புளியை ஊற்றி, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை கொதிக்க விடுவார் அன்னை. இறக்கியபின் வறுத்துப் பொடித்த வெந்தயமும் பெருங்காயமும் சேரும். சோற்றைத் தட்டில் பரப்பி முற்றும் ஆறிய பின்னரே கிளற வேண்டும். சூட்டோடு கிளறி மூடினால் வியர்த்து, வழியிலேயே கெட்டுவிடும். வாழையிலையைத் தணலில் வாட்டிப் பொதிந்தால் இலை கிழியாது. சோற்றுக்கும் ஒரு மணம் ஏறும். மறுநாள் நண்பகலில் உண்டாலும் ருசி குன்றாது. கூடியிருக்கும் என்பதே நம் கட்சி.

கட்டுச்சோற்றுடன் வேறொரு மூட்டையும் அன்னையின் காலடியில் இருக்கும். கரிசலில் விளைந்த கருப்பு உளுந்து நாலு படி. எள் ஒரு படி. இவை தமக்கைக்கு. திரும்பி வருகையில் அதே சாக்கில் பத்துத் தேங்காய், ஒரு பலாப்பழம், மரச்சீனிக் கிழங்கு ஆகியன வரும். பணம் மிகுதியாகப் புழங்காத இரு குடும்பங்களில் சகோதரிகள் இருவர் ஆண்டுதோறும் நடத்திய இந்தப் பண்டமாற்றில்தான் உளுந்தஞ்சோற்றின் இரகசியம் அடங்கியிருக்கிறது. உளுந்தும் எள்ளும் காய்ந்த பூமியின் பண்டங்கள். தேங்காய் ஈர பூமியின் பண்டம். இவை ஒரே பானையில் சந்தித்தால்தான் அந்தச் சோறு பிறக்கும்.

பெரியம்மை அதனைச் செய்யும் முறை இது. தோலோடு உடைத்த கருப்பு உளுந்து ஒரு பங்கு. அரிசி இரண்டு பங்கு. உளுந்தை வெறும் சட்டியில் மெல்லிய தீயில் மணம் வரும்வரை வறுக்க வேண்டும். அவசரப்பட்டால் வெளியே கருகி உள்ளே பச்சை நாறும். வறுத்ததை அரிசியுடன் களைந்து, மூன்று தம்ளருக்கு எட்டுத் தம்ளர் என்ற கணக்கில் கொதிக்கும் நீரில் இட்டு, உரித்த பூண்டு இருபது பல், வெந்தயம் ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, சுக்குப் பொடி ஒரு சிட்டிகை சேர்க்க வேண்டும். பாதி வெந்ததும் உப்பும், அரை மூடித் தேங்காய்த் துருவலும். பிறகு தீயைக் குறைத்து மூடி, தணலில் விட்டுவிடுவார். பூண்டு விரலால் தொட்டால் வெண்ணெயாய்க் குழைய வேண்டும். இறக்கியபின் மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய். தோலை நீக்கிய வெள்ளை உளுந்தில் செய்வோர் பார்வைக்கு அழகாயிருக்கிறது என்கின்றனர். மணம் முழுவதும் தோலில் இருப்பதை அவர்கள் அறியார்.

இதற்குத் துணை எள்ளுத் துவையல். கருப்பு எள்ளை மண் போகக் களைந்து உலர்த்தி, சட்டியில் பொரியும்வரை வறுத்து, வறுத்த மிளகாய் வற்றல், சிறு உருண்டைப் புளி, ஒரு கை தேங்காய்த் துருவல், இரண்டு பல் பூண்டு, உப்பு வைத்து அம்மியில் கெட்டியாக அரைக்க வேண்டும். மின் அம்மியிலும் அரைக்கலாம். எண்ணெய் கக்கும்படி ஓட விடாமல் விட்டு விட்டு அரையுங்கள். வயது வந்த பெண்பிள்ளைகளுக்கு உளுந்தங்களியும் இந்தச் சோறும் இடுப்புக்கு வலு என்று நெல்லைப் பக்கத்துத் தாய்மார் ஊட்டி ஊட்டி வளர்த்தார்கள். அருவியில் நனைந்து நடுங்கி வந்த நமக்கும் ஆண்பிள்ளை என்று பாராமல் அதே ஊட்டுதல் நடந்தது.

இனிக் கணவாய் வழியாக வந்தவற்றைப் பார்ப்போம். செங்கோட்டை 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரையில் திருவிதாங்கூர்ப் பகுதியோடு சேர்ந்திருந்த ஊர். 1904இல் கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு மலையைக் குடைந்து இரயில் பாதை வந்தது. அகலப் பாதையாக மாற்றும் பணி முடிந்து 2018 முதல் அதே மலை வழியில் மீண்டும் வண்டிகள் ஓடுகின்றன. தண்டவாளத்திற்கு முன்பே மாட்டு வண்டிகளும் தலைச்சுமைக்காரரும் அந்த வழியே நடந்தனர். அரிசியும் மிளகாயும் மேற்கே போயின. தேங்காயும் மிளகும் கிழக்கே வந்தன. சரக்கோடு சமையலும் வந்தது. அதனால்தான் தென்காசிப் பக்கத்து வீடுகளில் அவியலும் தீயலும் சொந்தப் பண்டங்கள் போல் வழங்குகின்றன. பெரியம்மை வீட்டு அவியலில் தயிர் இல்லை, புளிப்புக்கு மாங்காய். சாரல் காலமாகையால் பலாக்கொட்டையும் தவறாது விழும். இறக்கியபின் பச்சைத் தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும் சேர்த்து உடனே மூடிவிட வேண்டும். ஐந்து நிமிடம் பொறுத்துத் திறந்தால் தெருவுக்கே தெரியும்.

மரச்சீனிக் கிழங்கின் கதை இன்னும் நீண்டது. தென் அமெரிக்காவில் பிறந்த பயிர் அது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, பஞ்ச காலத்தில் ஏழைகளுக்கு ஆகாரமாகட்டும் என்று அதனைப் பயிரிட ஊக்குவித்தார். மலையைத் தாண்டி இப்புறம் வர அதற்கு எத்தனை காலம் பிடித்திருக்கும்? கிழங்கைத் தோலுரித்துத் துண்டாக்கி, நிறைய நீரில் மஞ்சளும் உப்பும் இட்டு, மூடாமல் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். கிழங்கில் இயல்பாக உள்ள நஞ்சு நீங்குவதற்கு இது இன்றியமையாதது, சோம்பல் கூடாது. பிறகு தேங்காய், பச்சை மிளகாய், சீரகம் அரைத்துச் சேர்த்து மசித்தால் மீன் குழம்புக்கு அதைவிடப் பொருத்தமான துணை இல்லை.

சற்றே விலகிச் செல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் சமையலில் சொந்தம் என்று மார்தட்டும் பொருட்கள் பலவும் பயணிகளே. மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. அதற்கு முன் உறைப்பு என்றால் மிளகுதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்து மலைச் சரிவில் கிராம்பும் சாதிக்காயும் நட்டு வளர்த்துப் பார்த்தனர். அப்பக்கத்தின் குளிரும் ஈரமும் கீழை நாட்டுச் செடிகளுக்கு ஒத்து வந்தன. இன்றும் அங்கே விளையும் மங்குஸ்தான் அத்தகைய ஒரு கீழை நாட்டு விருந்தாளியே. சொற்களும் அப்படியே. நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் இன்றும் வழங்கும் 'குசினி' என்ற சொல் போர்த்துக்கீசியச் சொல். அன்னாசியும் கொய்யாவும் அவர்கள் வாய்வழி வந்த பெயர்களே. எனவே, 'இது எங்கள் பாரம்பரியச் சமையல், வேறெங்கும் இல்லை' என்று யாரேனும் கூறினால் நாம் புன்னகை செய்து, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொள்வோம்.

கடல் கடந்து வந்த பண்டம் ஒன்று உண்டு. அதுவே சொதி. இலங்கைத் தமிழர் இல்லங்களில் இடியாப்பத்திற்குத் தேங்காய்ப்பாலில் மஞ்சளிட்டு நீர்க்கச் செய்யும் சொதியை நம் வாசகருள் சிலர் உண்டிருக்கலாம். நெல்லைச் சீமைச் சொதிக்கு அதுவே மூலம் என்பர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் வணிகத் தொடர்பு நெடுங்காலமாய் இருந்தது. 1906இல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் கப்பல்கள் ஓடியதும் அந்தத் தடத்தில்தான். ஊர் மாறியதும் சொதி குணம் மாறிவிட்டது. நெல்லையில் மஞ்சள் இல்லை. பாசிப்பருப்பும் காய்கறிகளும் உண்டு. இடியாப்பத்தை விட்டுச் சோற்றுக்கு வந்துவிட்டது. திருமணம் முடிந்து மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குச் சொதி என்பது சைவ வேளாளர் இல்லங்களில் தவறாத முறை. மற்றச் சமூகத்தார் வீடுகளுக்கும் அது மெல்ல நடந்து வந்துவிட்டது.

கத்தோலிக்க இல்லத்திற்கு அது இன்னொரு விதத்திலும் உகந்தது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம் அனுசரிக்கையில், மீனும் வேண்டாம் என்று கருதும் வீடுகளில் பிள்ளைகள் முகம் வாடாமல் உண்ணத்தக்கது சொதி. தவத்தின் நோக்கத்தையே அது கெடுத்துவிடுகிறது என்று மூத்த குருவானவர் ஒருவர் நகைச்சுவையாகச் சொன்னதுண்டு. அவர் அன்று மூன்று முறை வாங்கி உண்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆறு பேருக்கு: பெரிய தேங்காய் இரண்டு. முதற்பால் ஒன்றரைத் தம்ளர் தனியே. இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும் சேர்த்து நான்கு தம்ளர். அரைத் தம்ளர் பாசிப்பருப்பை லேசாக வறுத்துக் குழைய வேகவைத்துக்கொள்ளுங்கள். முருங்கைக்காய் இரண்டு, உருளைக்கிழங்கு இரண்டு, காரட் இரண்டு, பீன்ஸ் ஒரு கை, பச்சைப் பட்டாணி ஒரு கை, உரித்த சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு பதினைந்து பல். இஞ்சி இரண்டு விரற்கடை, பச்சை மிளகாய் எட்டு, இவ்விரண்டையும் அரைத்துக்கொள்ளுங்கள். வெங்காயத்தையும் பூண்டையும் சிறிது எண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி, அரைத்ததைச் சேர்த்து, பச்சை வாடை போனதும் காய்களை இட்டுப் பின்பாலில் வேகவிடுங்கள். வெந்ததும் பருப்பும் உப்பும். ஒரு கொதி வந்தபின் தீயைத் தணித்து முதற்பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் திரிந்துபோகும். தேங்காய் எண்ணெயில் சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுங்கள்.

எலுமிச்சம்பழம் எப்போது பிழிவது என்பதில்தான் பலர் இடறுகின்றனர். "அடுப்ப விட்டு எறக்கி, கை பொறுக்குற சூடு வந்த பொறவு பிழியணும் சாமி. முன்னாலயே பிழிஞ்சா பாலு ரெண்டா போயிரும்" என்பது பெரியம்மையின் வாக்கு. எலுமிச்சைக்குப் பஞ்சமில்லாத பகுதி அது; புளியங்குடி பக்கத்தில்தான் இருக்கிறது. சொதியோடு இஞ்சித் துவையல் கட்டாயம் வேண்டும். தேங்காய்ப்பால் வயிற்றில் மந்தம் செய்யும். இஞ்சி அதைத் தீர்க்கும். உருளைக்கிழங்குப் பொரியல் இருப்பின் பிள்ளைகள் வேறொன்றும் கேளார்.

செங்கோட்டைச் சாலையில், முன்னாளில் சென்னை மாகாணத்திற்கும் திருவிதாங்கூருக்கும் எல்லையாயிருந்த பிரானூர்ப் பக்கத்தில், பரோட்டாவும் நாட்டுக்கோழி வறுவலும் பேர் பெற்றவை. 'பார்டர் பரோட்டா' உண்ணாமல் திரும்புவோர் அருமை. நாமும் உண்டிருக்கிறோம், குறை கூறுவதற்கில்லை. ஆனால் அது கடைப் பண்டம். பெரிய கல்லும், பழகிய கையும், ஓயாத தீயும் வேண்டும். வீட்டில் முயன்ற குடும்பத்தார் சிலர் நமக்கும் அனுப்பி வைத்தார்கள். அதைப் பற்றி இவ்வளவே போதும்.

குற்றாலம் என்றால் விருந்து என்ற பேர் ஏற்பட்டதற்கு ரசிகமணி டி.கே.சி.யும் ஒரு காரணர். 1954இல் மறைந்த அப்பெருமகனார் தம் பிற்காலத்தைக் குற்றாலத்தில் கழித்தார். இராஜாஜி, கல்கி முதலியோர் அவரைத் தேடி அங்கே சென்று தங்கினர். கவிதையைச் சுவைக்கக் கற்றுக்கொடுத்தது போலவே இலையில் விழும் பண்டத்தையும் சுவைக்கக் கற்றுக்கொடுத்தார் என்று அவரை அறிந்தோர் எழுதியிருக்கின்றனர். அவர் இல்லத்தில் அடுப்படியில் நின்ற பெண்மணிகளைப் பற்றியும் யாரேனும் விரிவாய் எழுதியிருக்கலாமே என்பது நம் ஆதங்கம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கில் ஒரு தாயார் இறந்தார். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து வீட்டில் உணவு பரிமாறப்பட்டது. மூத்த மகள் நம் அருகில் வந்து நின்று, "அம்மா வைக்கிற குழம்பு மாதிரி வைக்கணும்னு நாலு நாளா பாக்கேன் சாமி. வர மாட்டேங்கு. கேட்டு வச்சுக்கிடலையே" என்று கூறிக் கண் கலங்கினார். நான்கு பெண் மக்கள் இருந்த வீடு அது. நால்வருமே நன்றாகச் சமைப்பவர்கள். அந்தக் குழம்பு மட்டும் அந்தத் தாயோடு போய்விட்டது. அன்று நாம் ஆறுதலாய் ஏதோ கூறினோம். இரவு உறங்கப் போகையில் இலஞ்சியின் நினைவுதான் வந்தது.

பெரியம்மைக்கு இப்போது எண்பத்தாறு வயது. கண் மங்கிவிட்டது, கை மங்கவில்லை. பேத்தி வளைகுடா நாட்டில் கணவனுடன் இருக்கிறாள். அங்கிருந்து தொலைபேசியில் அழைத்து, "ஆச்சி, உளுந்தஞ்சோத்துக்கு உப்பு எத்தன கரண்டி?" என்று கேட்பாள். "எத்தன கரண்டின்னு கேட்டா எனக்கென்னட்டி தெரியும்? கை அள்ளுது, போடுதேன்" என்பதே விடை. பேத்தி ஒரு பக்கம் சிரிப்பாள். ஒரு பக்கம் கோபிப்பாள். சோறு அங்கே ஒரு நாள் உப்பாகவும் ஒரு நாள் சப்பென்றும் அமையும்.

சென்ற சாரல் காலத்தில் நாம் இரண்டு நாள் அங்கே தங்கியபோது, பெரியம்மையின் மருமகள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். நாற்பது பக்க நோட்டு ஒன்று, அளவுக் கரண்டிகள், ஒரு தட்டு, பால்காரரிடம் இரவல் வாங்கிய தராசு. பெரியம்மை உப்பை அள்ளி எடுத்ததும், பானைக்கு நேரே தட்டை நீட்டி, "அத்தை, இதுல போடுங்க" என்று வாங்கிக்கொள்வார். அளந்து, நோட்டில் எழுதி, பிறகு பானையில் இடுவார். மிளகாய்க்கும் புளிக்கும் அப்படியே. முதல் நாள் பெரியம்மைக்கு எரிச்சல், "சமைக்கவா வந்தீக, கணக்கெடுக்கவா?" என்றார். இரண்டாம் நாள் அவரே தட்டு எங்கே என்று தேடினார்.

அளந்து பார்த்ததில் தெரிந்தவை விந்தையானவை. பெரியம்மையின் கைப்பிடி மருமகள் கைப்பிடியில் முக்கால்வாசிதான். 'ஒரு கைப்பிடி தேங்காய்' என்று இத்தனை ஆண்டுகளாகக் கேட்டுப் போட்டதெல்லாம் மூன்றில் ஒரு பங்கு மிகுதி! உளுந்து வறுக்க அவர் எடுத்துக்கொண்ட நேரம் பதினான்கு நிமிடம். 'சித்த நேரம்' என்றே எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறார். கல்லுப்பு மூன்று தம்ளருக்கு மூன்று தேக்கரண்டி; மூன்று முறை அள்ளியபோதும் ஏறக்குறைய அதே அளவு. கண் பார்க்காமல் கை அள்ளிய அளவு அது. அந்தக் கணக்குகளே மேலே நாம் எழுதிய முறைகளில் உள்ளவை. நம் சொந்தச் சரக்கு ஒன்றும் இல்லை.

பக்கங்களைப் படம் பிடித்துப் பேத்திக்கு அனுப்பினர். அடுத்த ஞாயிறு அங்கிருந்து பதில் வந்தது. எள்ளுத் துவையல் சரியாய் அமைந்துவிட்டதாம். அந்நாட்டில் கிடைத்தது தோலற்ற உளுந்தாகையால் சோறு பாதிச் சரியாம். அடுத்து ஊரிலிருந்து செல்பவர் யாராயினும் இரண்டு கிலோ கருப்பு உளுந்து கொண்டுசெல்ல ஏற்பாடாகியிருக்கிறது. கரிசலில் விளைந்ததாகவே அது இருக்க வேண்டும் என்பது பெரியம்மையின் கட்டளை. வாங்கி அனுப்பும் பொறுப்பு நம் தம்பியிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது.

நோட்டில் இதுவரை பதினோரு பண்டங்கள் ஏறியுள்ளன. தீயல் இன்னும் ஏறவில்லை. தேங்காயை எந்த நிறத்தில் அடுப்பை விட்டு இறக்குவது என்பது தராசுக்கும் கரண்டிக்கும் அகப்படாத செய்தியாகையால், பெரியம்மை 'இப்போது' என்று சொல்லும் கணத்தில் சட்டியைப் படம் பிடிப்பது என்று மருமகள் முடிவு செய்திருக்கிறார். வரும் ஆனியில் அதற்கு நாள் குறித்தாயிற்று. அரைக் கிலோ சின்ன வெங்காயம் உரித்துத் தரும் வேலை நமக்கு.